கணப்பறையில் எழும் வாடைகள்

அக்டோபர் மாதம் கழிந்ததும் காஷ்மீரம், இமாசலப் பிரதேசம், உத்தராகண்டம் ஆகிய மலைநாடுகளில் கணப்புகள் மூட்டப்படுகின்றன. சமவெளியிலுள்ள டில்லியிலும் பஞ்சாபிலும்கூட மார்கழி, தை மாதங்களில் அங்கீட்டி எனப்படும் கரியடுப்பையோ மின்சார ஹீட்டரையோ பல வீடுகளில் காணலாம். தென்னாட்டிலிருந்து அப்பகுதிகளுக்கு ஆசிரியராகவும் களப்பணியாளராகவும் செல்வோர் பலருக்குக் கணப்பு புதிய பொருள். அதிலிருந்து எழும் வாடைகளுள் எதைப் பொருட்படுத்துவது, எதை விட்டுவிடுவது என்பது அவர்களுக்கு எளிதில் விளங்குவதில்லை.

எரிபொருள் முழுமையாக எரிந்தால் நீராவியும் கார்பன் டையாக்சைடுமே பெரும்பாலும் மிஞ்சுகின்றன. இவ்விரண்டுக்கும் வாடை இல்லை. நாம் முகர்வது எரிந்த பொருளையன்று. எரியாமல் தப்பிய பொருளையே. வகுப்பில் ஒரு மெழுகுவத்தியைக் கொண்டு இதனை விளக்கலாம். நன்கு எரியும்போது அதில் வாடை மிகக் குறைவு. ஊதி அணைத்தவுடன் திரியிலிருந்து வெண்ணிறப் புகையிழை ஒன்று எழும். அப்போதுதான் வாடை மூக்கைத் தாக்கும். அவ்வெண்புகை எரியாத மெழுகின் ஆவியாகும். எரியும் தீக்குச்சியை அதில் காட்டினால், தீ புகையின் வழியே இறங்கித் திரியை மீண்டும் பற்றவைப்பதை மாணவர் கண்டு வியப்பர்.

மண்ணெண்ணெய்க் கணப்பு ஏற்றும்போதும் அணைக்கும்போதும் நாறுவதற்குக் காரணம் இதுவே. இடையில், எரிந்துகொண்டிருக்கும்போதே வாடை வந்தால் திரி கருகியோ, ஒழுங்கின்றியோ, அளவுக்கு மேல் உயர்ந்தோ இருக்கும். புகாரி எனப்படும் தகரக் கணப்பில் புகைபோக்கிக் குழாய் கூரைக்கு வெளியே செல்கிறது. அறைக்குள் விறகுப் புகையின் காரம் தெரிந்தால், குழாயின் பொருத்துவாய் விலகியிருக்கலாம். ஈர விறகின் தாரும் கரியும் படிந்து குழாய் அடைபட்டிருக்கலாம். மேல்வாயைப் பனி மூடியிருக்கலாம். எதுவாயினும் கணப்பை அணைத்து, குழாயைத் துடைத்த பின்னரே மீண்டும் மூட்டுதல் வேண்டும்.

மின்சார ஹீட்டரில் எரிபொருள் இல்லையெனினும் வாடை உண்டு. பருவத்தின் முதல் நாளில் எழும் கருகல் வாடை, கோடையெல்லாம் கம்பிச் சுருளில் படிந்த தூசி எரிவதால் வருவது. சில நிமிடங்களில் அடங்கிவிடும். அடங்காமல் மீன் நாற்றத்தையோ ரப்பர் தீய்வதையோ ஒத்த வாடை வீசினால் ஹீட்டரை விட்டு, சுவரிலுள்ள பிளக்கைக் கவனிக்க வேண்டும். 2000 வாட் ஹீட்டர் 230 வோல்ட்டில் ஏறத்தாழ 9 ஆம்பியர் மின்னோட்டத்தை இழுக்கிறது. விளக்குக்கும் வானொலிக்கும் அமைந்த 5 ஆம்பியர் பிளக்கில் அதனை மாட்டினால் பிளாஸ்டிக் பாகம் சூடேறிச் சிதையத் தொடங்கும். அந்நாற்றம் தீ விபத்துக்கு முந்திய அறிவிப்பு.

சமையல் வாயுவின் நாற்றமோ மனிதன் வேண்டுமென்றே சேர்த்தது. அவ்வாயுவுக்கு இயல்பில் வாடை இல்லாததால், மிகச் சிறிய அளவிலேயே மூக்குக்கு எட்டும் எத்தில் மெர்காப்டன் என்ற கந்தகச் சேர்மம் கலக்கப்படுகிறது. அமெரிக்காவின் டெக்ஸாஸ் மாகாணத்தில் நியூ லண்டன் என்னும் ஊரில் 1937 மார்ச் 18 அன்று, பள்ளிக் கணப்புகளுக்கு வந்த வாடையற்ற இயற்கை வாயு கசிந்து கட்டிடத்தின் அடியில் தேங்கி வெடித்தது. ஏறத்தாழ 300 மாணவரும் ஆசிரியரும் மாண்டனர். வாயுவுக்கு நாற்றமூட்டுவதை அம்மாகாணம் சட்டமாக்கியது அதன் பின்னரே. ஆனால் இந்நாற்றம் கசிவை மட்டுமே அறிவிக்கும். வாயு எரியும்போது மெர்காப்டனும் எரிந்துவிடுவதால், காற்றுப் போதாமல் எரியும் வாயுக் கணப்போ குளியலறைக் கெய்சரோ வெளியிடும் நச்சைப் பற்றி அது எதையும் சொல்லாது.

மூக்கை நம்பலாகாத இடம் இங்கேதான் தொடங்குகிறது. அங்கீட்டியை வாசலில் மூட்டி, புகை அடங்கிய பின் அறைக்குள் எடுத்து வருவது வழக்கம். புகை அடங்கிற்று, ஆதலால் தீங்கும் அடங்கிற்று என்பது அதன் உட்கருத்து. முதற்பாதி உண்மை; பிற்பாதி உயிரைக் கொள்வது. கரியின் அடியில் நுழையும் காற்றிலுள்ள பிராணவாயு கார்பனுடன் சேர்ந்து கார்பன் டையாக்சைடு ஆகிறது. அது சிவக்கக் காய்ந்த கரியினூடே மேலெழும்போது மேலும் கார்பனைப் பற்றிக் கார்பன் மோனாக்சைடாக மாறுகிறது. கனலின் மேல் சிற்சில வேளை தோன்றும் நீலச் சுடர் இவ்வாயு எரிவதாகும். எரியாமல் தப்பும் பகுதி அறையில் கலக்கிறது. ஆகவே புகையில்லாமல், கண் எரியாமல், இதமாகக் கனலும் கரியே மூடிய அறையில் மிகக் கொடியது.

கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, வாடையில்லை. குருதியிலுள்ள ஹீமோகுளோபின், பிராணவாயுவைக் காட்டிலும் 200 மடங்குக்கு மேற்பட்ட வலிவுடன் இதனைப் பற்றிக்கொள்கிறது. தலைவலி, மயக்கம், குமட்டல், கால்தளர்ச்சி ஆகியவை குறிகள். உறங்குவோர் இவற்றை உணராமலே இறக்கக்கூடும். கணப்பருகே தண்ணீர்ப் பாத்திரம் வைப்பது காற்றின் வறட்சியைத் தணிக்குமேயன்றி இந்நச்சை ஈர்க்காது. இவ்வாயு நீரில் மிகச் சிறிதளவே கரையும். காஷ்மீரத்துக் காங்கிரியும் கரியால் கனல்வதே. அதனைப் போர்வைக்குள் வைத்து உறங்கலாகாது. கரியடுப்பைப் படுக்கும் முன் வெளியே கொண்டுபோய் வைத்தல் வேண்டும். எரியும் வேளையில் சன்னலொன்று திறந்திருத்தல் வேண்டும். இவ்வாயுவைக் கண்டு ஒலியெழுப்பும் சிறு கருவிகள் இப்போது கடைகளில் கிடைக்கின்றன. கணப்புள்ள விடுதிகளுக்கு அவற்றை வாங்குதல் வீண்செலவாகாது.

மயங்கியவரை உடனே திறந்த வெளிக்குக் கொண்டுவந்து, மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். சாதாரணக் காற்றைச் சுவாசித்தால் குருதியிலுள்ள நச்சு பாதியாகக் குறைய 4 முதல் 5 மணி நேரம் ஆகும்; தூய பிராணவாயுவைச் சுவாசித்தால் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்துக்குள் அந்த அளவு குறையும். ஒரே வீட்டிலுள்ளோர் பலருக்கும் காலையில் தலைவலி கண்டு, வெளியே நடமாடியதும் நீங்குமாயின், அதனைச் சளி என்றோ காய்ச்சல் என்றோ எண்ணுமுன் இரவில் அவ்வறையில் எவ்விதக் கணப்பு இருந்தது என்று களப்பணியாளர் கேட்டறிதல் வேண்டும்.