கணினியின் செருகுவாய்களும் அட்டைகளும்



சென்ற ஆண்டு மழைக்காலத்தில் மின்னல் தாக்கியதால் நம் பள்ளி அலுவலகக் கணினியின் இணையத் தொடர்பு அற்றுப்போயிற்று. கணினி இயங்கியது, திரையும் ஒளிர்ந்தது. வலைக்கம்பி செருகும் இடம் மட்டும் கருகிவிட்டது. புதுக் கணினியே வாங்கிவிடலாம் எனச் சிலர் கூறினர். சங்கப் பணம் பெற்றோர் பால்வெட்டி ஈட்டிய பணம் என்பதை நாம் அறிவோம். ஆகவே, முதலில் பெட்டியைத் திறந்து பார்க்க முடிவு செய்தோம்.

பெட்டியினுள் அகன்று கிடக்கும் பலகைக்குத் தாய்ப்பலகை என்று பெயர். அதில் நீண்ட பிளவுகளைப் போன்ற செருகுவாய்களைக் காணலாம். ஒலி, படம், வலைத்தொடர்பு போன்ற பணிகளுக்குரிய தனி அட்டைகளை இவற்றில் பொருத்தலாம். ரப்பர் நாற்றங்காலில் ஒரு கன்றில் வேறொரு மரத்தின் மொட்டை ஒட்டுக்கட்டுவதைக் கண்டிருப்பீர்கள். ஏறத்தாழ அதே முறைதான். ஆயின், ஒட்டைப் பிரிக்க இயலாது, அட்டையைக் கழற்றிவிடலாம்.

1981இல் வெளிவந்த ஐ.பி.எம். சொந்தக் கணினியில் இத்தகைய வாய்கள் 5 இருந்தன. திரையில் படம் தோன்றுவதற்கே அதில் தனி அட்டை வேண்டியிருந்தது. இன்றோ பல பணிகள் தாய்ப்பலகையிலேயே அமைந்துவிட்டமையால் வாய்கள் பெரும்பாலும் வெறுமையாகக் கிடக்கின்றன.

எல்லா வாய்களும் ஒரே வகையின அல்ல. 1992இல் பி.சி.ஐ. என்னும் வகை வந்தது. 2003இல் வந்த பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் முற்றிலும் வேறு அமைப்புடையது. இதனை எண்ணிப் பாராமல் நாம் வாங்கி வந்தது பழைய வகை அட்டை. நம் கணினியில் இருந்தவையோ புதிய வகை வாய்கள். அட்டை நுழைய மறுத்தது. வலிந்து அழுத்தியிருப்பின் இரண்டும் கெட்டிருக்கும். பிழை நம்முடையதே, அத்தொகையை நாமே சங்கத்திற்கு ஈடு செய்தோம்.

புதிய வகையிலும் நீள வேறுபாடு உண்டு. குட்டை வாய் ஏறத்தாழ 2.5 செ.மீ.; நெடியது ஏறத்தாழ 9 செ.மீ. குட்டை அட்டை நெடிய வாயிலும் வேலை செய்யும்.

மறுமுறை அளவுகோலால் அளந்து பார்த்த பின்னரே கடைக்குச் சென்றோம். கணினியை நிறுத்தி, மின்கம்பியைக் கழற்றி, பெட்டியின் உலோகப் பகுதியைத் தொட்டு உடலில் தங்கிய நிலைமின்னூட்டத்தைப் போக்கிக்கொண்டோம். அட்டையை விளிம்பில் பிடிக்கவேண்டும். பொன்னிறப் பற்களைத் தொடலாகாது. ஆறாம் ஆண்டு மாணவர் இருவர் திருகாணிகளைத் தாளில் வரிசையாக வைத்துக் காத்தனர். அட்டையை நேராக அழுத்தித் திருகாணியை முடுக்கினோம். வலைக்கம்பியைச் செருகி மின்விசை கொடுத்ததும் சிறு பச்சை விளக்கு எரிந்தது.

பொருந்தாத அந்தப் பழைய அட்டை அறிவியல் அறை அலமாரியில் உள்ளது. மாணவர்கள் கேட்டு வாங்கிப் பார்க்கலாம்.