அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் வேலை: ராஜினாமாவுக்கு முன் கேட்க வேண்டியவை

கேள்வி:

நான் மதுரையைச் சேர்ந்தவள். வேதிப் பொறியியலில் முனைவர் பட்டம் முடித்து, 2022 நவம்பர் முதல் 2024 நவம்பர் வரை அமெரிக்காவில் ஜே-1 விசாவில் போஸ்ட்டாக் ஆராய்ச்சியாளராக இருந்தேன். இப்போது ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் பணிபுரிகிறேன். அமெரிக்க மாநிலப் பல்கலைக்கழகம் ஒன்று என்னைத் தேர்வு செய்து, 2026 ஆகஸ்டில் டென்யூர் டிராக் (நிரந்தரப் பணிக்கு வழிவகுக்கும்) உதவிப் பேராசிரியராகச் சேரச் சொல்லியிருக்கிறது. எச்-1பி விசாவுக்கு அவர்களே மனு போடுவார்களாம். ஆனால் என் பழைய ஜே-1 விசாவில் 'இரண்டு ஆண்டு விதி பொருந்தும்' என்று அச்சாகியிருக்கிறது. குலுக்கல் உண்டு என்றும், ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்றும் ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள். கணவர் கோவையில் ஐடி கம்பெனியில் வேலை பார்க்கிறார். மகனுக்கு எட்டு வயது. வேலையை ராஜினாமா செய்துவிட்டுக் கிளம்பலாமா? அங்கே போன பிறகு விசாவுக்குச் சிக்கல் வராமல் பார்த்துக்கொள்வது எப்படி?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி, மதுரை

பதில்:

வாழ்த்துகள், சகோதரி. ராஜினாமா கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: இப்போது வேண்டாம். விசா ஸ்டாம்பிங் முடிந்து பாஸ்போர்ட் கைக்கு வந்த பிறகு கொடுங்கள். உங்கள் அசல் சான்றிதழ்கள் கல்லூரி வசம் இருந்தால், அவற்றை மட்டும் இப்போதே கேட்டு வாங்கி வையுங்கள்.

மற்றவற்றுக்குப் போகுமுன் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். எச்-1பி மனுவைப் போடுவது பல்கலைக்கழகம். சட்டப்படி அவர்கள்தான் மனுதாரர், அவர்களின் சர்வதேச அலுவலகம் அவர்களுக்காகத்தான் வேலை செய்கிறது. ஆனால் மனுவில் ஒரு தவறு நேர்ந்தால், அந்த நாட்டில் தங்கும் உரிமையை இழப்பது நீங்களும் உங்கள் குடும்பமும். ஆகவே ஒவ்வொரு தாளையும் நீங்களே படியுங்கள், பிரதி எடுத்து வையுங்கள்.

குலுக்கல் உங்களுக்கு இல்லை

ஆண்டுக்கு 65,000, அமெரிக்க முதுநிலைப் பட்டதாரிகளுக்கு மேலும் 20,000 என்ற எச்-1பி உச்சவரம்பும், அதற்கான குலுக்கலும் தனியார் கம்பெனிகளுக்கு உரியவை. அரசுப் பல்கலைக்கழகங்களும் லாப நோக்கமற்ற பல்கலைக்கழகங்களும் சட்டப்படி இந்த வரம்புக்கு வெளியே இருக்கின்றன. ஆண்டின் எந்த மாதத்திலும் அவை மனு போடலாம். வேலை தொடங்கும் நாளுக்கு ஆறு மாதத்துக்கு முன்பாக மட்டும் போடக் கூடாது. லாப நோக்கில் நடக்கும் கல்வி நிறுவனங்களுக்கு இந்தச் சலுகை கிடையாது. உங்களுடையது மாநிலப் பல்கலைக்கழகம் என்பதால் கவலை வேண்டாம்.

இரண்டு ஆண்டு விதி

ஜே-1 விசாவில் போனவர்களில் ஒரு பகுதியினர், தாய்நாட்டில் மொத்தம் இரண்டு ஆண்டுகள் இருந்த பிறகே எச்-1பி விசாவோ கிரீன் கார்டோ பெற முடியும். குடியேற்றச் சட்டத்தின் 212(இ) பிரிவு சொல்வது இது. ஆராய்ச்சியாளர்களுக்கு இது இரண்டு வழிகளில் வரும். ஒன்று, கல்விப் பரிமாற்றத்துக்காக அமெரிக்க அரசோ இந்திய அரசோ தந்த பணத்தில் போயிருப்பது. ஃபுல்பிரைட்-நேரு உதவித்தொகை இதில் சேரும். இன்னொன்று, தாய்நாட்டுக்குத் தேவையான துறைகள் என்று அமெரிக்கா வைத்திருக்கும் 'திறன் பட்டியலில்' உங்கள் துறை இருப்பது.

இங்கே உங்களுக்கு நல்ல செய்தி இருக்கிறது. 2024 டிசம்பர் 9-ல் அந்தத் திறன் பட்டியல் திருத்தப்பட்டு, இந்தியா அதிலிருந்து நீக்கப்பட்டது. அதற்கு முன்பு ஜே-1-ல் போனவர்களுக்கும் இந்த மாற்றம் பொருந்தும். பட்டியல் ஒன்றே காரணமாக இருந்திருந்தால், உங்கள் விசாவில் என்ன அச்சாகியிருந்தாலும் விதி இப்போது உங்களைக் கட்டுப்படுத்தாது. விசாவில் இருக்கும் அந்த வரி தூதரக அதிகாரியின் முதற்கட்டக் கருத்துதான், இறுதி முடிவல்ல.

ஆகவே உங்கள் ஜே-1-க்கான பழைய டிஎஸ்-2019 படிவங்கள் எல்லாவற்றையும் எடுத்து, நிதி விவரத்தைப் பாருங்கள். பேராசிரியர் ஒருவரின் சாதாரண ஆராய்ச்சித் திட்ட நிதியிலிருந்து சம்பளம் வந்திருந்தால், அது பொதுவாகப் பரிமாற்ற நிதியாகக் கருதப்படாது. சந்தேகம் இருந்தால் அமெரிக்க வெளியுறவுத் துறையின் விலக்குப் பரிசீலனைப் பிரிவிடம் எழுத்துப்பூர்வமான ஆலோசனைக் கருத்தைக் கேட்டுப் பெறலாம். அந்தக் கடிதத்தை எச்-1பி மனுவோடு இணைக்கச் சொல்லுங்கள்.

ஒருவேளை அரசுப் பணத்தால் விதி பொருந்துகிறது என்று தெரிந்தால், உங்கள் இரண்டு ஆண்டுகள் 2026 நவம்பரில்தான் நிறைவடையும். நடுவில் வெளிநாட்டில் கழித்த நாட்கள் கணக்கில் சேராது. அப்போது ஆகஸ்டுக்குப் பதிலாக ஜனவரி செமஸ்டரில் சேர அனுமதி கேளுங்கள். விலக்கு கேட்டு விண்ணப்பிக்கவும் வழி உண்டு. ஆனால் அதற்குப் பொதுவாக இந்திய அரசின் ஆட்சேபணையின்மைச் சான்று பெற வேண்டும், பல அலுவலகங்களின் படி ஏற வேண்டும். உங்கள் நிலையில் சில மாதம் பொறுப்பது எளிது.

ஒரு லட்சம் டாலர்

இது வதந்தியல்ல. அதிபர் டிரம்ப் 2025 செப்டம்பர் 19-ல் கையெழுத்திட்ட பிரகடனத்தின்படி, செப்டம்பர் 21 முதல், அமெரிக்காவுக்கு வெளியே இருப்பவருக்காகப் போடப்படும் புதிய எச்-1பி மனுவுக்கு 1,00,000 டாலர் செலுத்த வேண்டும். பல்கலைக்கழகங்களுக்கு இதில் பொதுவிலக்கு இல்லை. தேசிய நலன் கருதி விலக்கு கேட்கலாம், ஆனால் மிக அரிதாகத்தான் தருவார்கள். ஏற்கெனவே அமெரிக்காவுக்குள் செல்லுபடியான விசா நிலையில் இருப்பவர் அங்கேயே எச்-1பிக்கு மாறினாலோ நீட்டிப்பு கேட்டாலோ இது பொருந்தாது. நீங்கள் மதுரையில் இருப்பதால் உங்களுக்குப் பொருந்தும்.

பிரகடனத்தின் ஆயுள் 12 மாதங்கள். நீட்டிக்கப்படாவிட்டால் 2026 செப்டம்பரில் முடியும்; நீட்டிக்கவும் கூடும். இதை எதிர்த்து நீதிமன்றங்களில் வழக்குகளும் தொடுக்கப்பட்டுள்ளன. ஆகவே மனு போடும் நாளில் நிலவரம் என்ன என்பதுதான் முக்கியம். பல்கலைக்கழகத்திடம் நேரடியாகக் கேளுங்கள்: "இந்தத் தொகையைக் கட்ட ஒப்புதல் கிடைத்துவிட்டதா? இல்லையென்றால் மாற்றுவழி என்ன?" பதிலை மின்னஞ்சலில் வாங்குங்கள். துறைத் தலைவர் தொலைபேசியில் தரும் உறுதி போதாது, ஏனென்றால் பணத்தை அனுமதிப்பவர் அவரல்ல.

மாற்றுவழிகளில் பரிசீலிக்கத் தக்கது ஓ-1 விசா. துறையில் தனித்த சாதனை உள்ளவர்களுக்கானது. ஆய்வுக் கட்டுரைகள், மேற்கோள்கள், பிறர் கட்டுரைகளை மதிப்பிட்ட அனுபவம், விருதுகள் ஆகியவற்றை ஆதாரமாகக் காட்ட வேண்டும். பிரகடனம் ஓ-1-ஐத் தொடவில்லை. 212(இ) விதியும் தூதரகத்தில் ஓ-1 பெறுவதைத் தடுப்பதில்லை. ஆனால் குடும்பத்துக்குக் கிடைக்கும் ஓ-3 விசாவில் கணவர் வேலை செய்ய முடியாது.

யாராவது இரண்டு யோசனைகள் சொல்லக்கூடும், இரண்டையும் தள்ளுங்கள். மீண்டும் ஜே-1-ல் போவது முதலாவது. டென்யூர் டிராக் பதவிக்கு ஜே-1 பயன்படுத்த விதிகள் இடம் தருவதில்லை. சுற்றுலா விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்வது இரண்டாவது. வேலைக்காகப் போகிறோம் என்பதை மறைத்து நுழைந்தால் அது பொய்த் தகவல் ஆகும். அதற்கான தடை வாழ்நாள் முழுவதும் தொடரக்கூடியது.

யார் எதைக் கட்ட வேண்டும்

மனுவுக்கு முன், பல்கலைக்கழகம் தொழிலாளர் துறையிடம் எல்சிஏ எனப்படும் உறுதிமொழியைப் பதிவு செய்யும். அந்த ஊரில் அந்த வேலைக்கு நிலவும் சம்பளத்துக்கும், அங்கே இதே பணியில் உள்ளவர்களுக்குத் தரும் சம்பளத்துக்கும் குறையாமல் உங்களுக்குத் தருவதாக அதில் உறுதி கூறுகிறார்கள். வேலையில் சேரும் நாளுக்குள் அதன் பிரதி உங்களுக்குத் தரப்பட வேண்டும், கேட்டு வாங்குங்கள். மனுக் கட்டணமும் அதற்கான வழக்கறிஞர் செலவும் வேலை தருபவரின் செலவு. அதைச் சம்பளத்தில் பிடித்து, உறுதிமொழியில் உள்ள அளவுக்குக் கீழே கொண்டுபோகக் கூடாது. தூதரகத்தில் கட்டும் விசாக் கட்டணம், குடும்பத்தின் விசா, பயணம் ஆகியவை பொதுவாக உங்கள் பொறுப்பு. 15 வேலை நாட்களில் முடிவு தரும் பிரீமியம் ப்ராசஸிங் கட்டணத்தை யார் ஏற்பது என்பதைத் தொடக்கத்திலேயே பேசி முடிவு செய்யுங்கள்.

பெயர் விஷயத்தில் நம் ஊர்க்காரர்கள் குறிப்பாகக் கவனமாக இருக்க வேண்டும். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இடம் காலியாக இருந்தால், அமெரிக்க விசாவில் முழுப் பெயரும் குடும்பப் பெயர் இடத்துக்குப் போய், முதற்பெயர் இடத்தில் 'எஃப்என்யு' (முதற்பெயர் தெரியவில்லை) என்று வரும். பிறகு ஓட்டுநர் உரிமம் முதல் வங்கிக் கணக்கு வரை இடறும். கணவர், மகன் பாஸ்போர்ட்டுகளை இப்போதே பார்த்து, தேவையானால் திருத்துங்கள். மனுவில் உள்ள பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்க வேண்டும்.

சென்னைத் துணைத் தூதரகத்தில்

மனு ஏற்கப்பட்டதும் ஐ-797 அறிவிப்பு வரும். அதை வைத்து டிஎஸ்-160 விசா விண்ணப்பப் படிவம் நிரப்பி நேர்காணலுக்கு நாள் வாங்க வேண்டும். 2025 டிசம்பர் 15 முதல் எச்-1பி விண்ணப்பதாரர்கள், குடும்பத்தினருக்கான எச்-4 விண்ணப்பதாரர்கள் ஆகியோரின் சமூக ஊடகக் கணக்குகளும் ஆராயப்படுகின்றன. அவற்றைப் பொதுப் பார்வைக்குத் திறந்து வைக்கச் சொல்கிறார்கள். இதனால் இந்தியாவில் பலருடைய நேர்காணல் நாட்கள் தள்ளிப்போயின. வேதிப் பொறியியல் போன்ற துறைகளில் 221(ஜி) என்ற கூடுதல் ஆய்வுக்கும் நிறுத்தி வைக்கக்கூடும். ஆராய்ச்சி பற்றிய எளிய விளக்கம், கட்டுரைப் பட்டியல், தன்விவரக் குறிப்பு மூன்றையும் தயாராக வைத்திருங்கள். எச்-1பிக்கு "திரும்பி வந்துவிடுவேன்" என்று நிரூபிக்கத் தேவையில்லை. கேட்டதற்கு உள்ளதைச் சொன்னால் போதும்.

போய்ச் சேர்ந்த பிறகு

விசா முத்திரை நாட்டுக்குள் நுழைவதற்கு மட்டுமே. எத்தனை நாள் தங்கலாம் என்பதைச் சொல்வது ஐ-94 பதிவு. இறங்கிய மறுநாளே அதை இணையத்தில் எடுத்து, தேதியை ஐ-797-உடன் ஒப்பிடுங்கள். பாஸ்போர்ட் முன்னதாகக் காலாவதி ஆகுமானால், அந்தத் தேதி வரைதான் ஐ-94 தருவார்கள். மூன்று ஆண்டு அனுமதி இருக்கிறது என்று நம்பியிருப்பவர், தெரியாமலே சட்டவிரோதமாகத் தங்கியவர் ஆகிவிடுவது இப்படித்தான். பாஸ்போர்ட்டைக் கிளம்புமுன் புதுப்பித்துவிடுங்கள்.

உங்கள் எச்-1பி அந்தப் பல்கலைக்கழகத்துக்கும் அந்தப் பதவிக்கும் அந்த இடத்துக்கும் உரியது. வேறு ஊரில் உள்ள வளாகத்துக்கு மாற்றினாலோ, முழுநேரத்தைப் பகுதிநேரமாகக் குறைத்தாலோ, மாற்றத்துக்கு முன் திருத்திய மனு போட வேண்டும். கோடையில் ஒரு கம்பெனிக்குப் பணம் வாங்கிக்கொண்டு ஆலோசனை சொல்வது, சொந்தத் தொழில் தொடங்கி அதில் வேலை செய்வது இரண்டும் தனி மனு இல்லாமல் கூடாது. வேதிப் பொறியாளர்களைத் தேடி இத்தகைய வாய்ப்புகள் வரும். எவ்வளவு சிறிய தொகையானாலும் முதலில் சர்வதேச அலுவலகத்தைக் கேளுங்கள். வீடு மாறினால் 10 நாட்களுக்குள் ஏஆர்-11 படிவத்தில் தெரிவியுங்கள்.

எச்-1பி ஒரு தடவைக்கு மூன்று ஆண்டு வரையும், மொத்தம் ஆறு ஆண்டும் கிடைக்கும். பழைய ஜே-1 காலம் இதில் சேராது. நீட்டிப்பு மனு, காலம் முடியுமுன் போடப்பட்டால் முடிவு வரும் வரை 240 நாட்கள் வேலையைத் தொடரலாம். காலாவதிக்கு ஆறு மாதம் முன்பே நீங்கள் நினைவூட்டுங்கள்.

வேலை போனால், அல்லது விட்டால், அதிகபட்சம் 60 நாட்கள் அவகாசம். ஐ-94 அதற்குள் முடிந்தால் அதுவரைதான். அதற்குள் வேறு நிறுவனம் மனு போட வேண்டும், அல்லது வேறு விசா நிலைக்கு மாற விண்ணப்பிக்க வேண்டும், அல்லது கிளம்ப வேண்டும். வரம்புக்கு வெளியே எச்-1பி பெற்றவர் கம்பெனி வேலைக்கு மாறினால் அப்போது குலுக்கலைச் சந்திக்க வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம். அனுமதிக் காலம் முடியுமுன் பல்கலைக்கழகமே நீக்கினால், நீங்கள் ஊர் திரும்பும் நியாயமான பயணச் செலவை அது ஏற்க வேண்டும். குடும்பத்தின் செலவுக்கு அந்தக் கடமை இல்லை.

கணவரும் மகனும்

எச்-4 விசாவில் மகன் அரசுப் பள்ளியில் படிக்கலாம். கணவர் படிக்கலாம், ஆனால் தொடக்கத்தில் வேலை செய்ய முடியாது. இந்தியக் கம்பெனிக்காக வீட்டிலிருந்து கணினியில் வேலை பார்ப்பதும் ஆபத்தானதே. உங்கள் கிரீன் கார்டுக்கான ஐ-140 மனு ஏற்கப்பட்ட பிறகு அவர் வேலை அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம். ஆகவே உங்கள் குடும்ப வருமானம் அந்த மனு எப்போது போடப்படும் என்பதைப் பொறுத்தது.

கிரீன் கார்டு பெற, கற்பிக்கும் பதவிக்கு ஒரு சிறப்பு வழி உண்டு. நீங்கள் தேர்வான நாளிலிருந்து 18 மாதங்களுக்குள் பல்கலைக்கழகம், கிரீன் கார்டின் முதல் படியான தொழிலாளர் சான்றுக்கு விண்ணப்பித்தால், மறுபடி விளம்பரம் செய்யாமல் பழைய தேர்வையே ஆதாரமாகக் காட்டலாம். கவனியுங்கள்: கணக்கு தொடங்குவது தேர்வான நாளில், நீங்கள் விமானம் ஏறும் நாளில் அல்ல. ஜனவரிக்குத் தள்ளிப்போட்டால் அந்த மாதங்களும் இதில் கழியும். இந்தச் சான்றுக்கான செலவை வேலை தருபவரே ஏற்க வேண்டும் என்பது விதி. மூன்று ஆண்டு ஆராய்ச்சி அல்லது கற்பித்தல் அனுபவமும் துறையில் அங்கீகாரமும் இருந்தால், தொழிலாளர் சான்றே தேவைப்படாத இபி-1பி வகையும் உண்டு. இந்தியர்களுக்கான கிரீன் கார்டு வரிசை இபி-2 வகையில் பல ஆண்டுகள் நீள்வதால் இபி-1பி பற்றித் தவறாமல் கேளுங்கள். ஐ-140 ஏற்கப்பட்டு வரிசையில் காத்திருப்பவர், ஆறு ஆண்டுக்குப் பிறகும் மும்மூன்று ஆண்டுகளாக எச்-1பியை நீட்டிக்க முடியும்.

இந்த வாரம் செய்ய வேண்டியது

பல்கலைக்கழகத்துக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். ஒரு லட்சம் டாலர் பற்றிய முடிவு என்ன? மனு எந்தத் தேதிக்குள் போடப்படும்? ஆகஸ்டுக்குள் விசா வராவிட்டால் ஜனவரிக்கு வேலையை நிறுத்தி வைப்பீர்களா? கிரீன் கார்டு விண்ணப்பம் 18 மாதத்துக்குள் போடப்படுமா? இந்த நான்கு கேள்விகளையும் வேலை ஏற்புக் கடிதத்தில் கையெழுத்திடும் முன் கேட்பது உங்கள் உரிமை. உங்களைத் தேர்வு செய்ய அவர்கள் பல மாதங்கள் செலவிட்டிருக்கிறார்கள். நீங்கள் வந்து சேர வேண்டும் என்பது அவர்களுக்கும் தேவை. தயங்காமல் கேளுங்கள். பதில் வந்ததும், அதையும் டிஎஸ்-2019 பிரதிகளையும் எடுத்துக்கொண்டு அமெரிக்கக் குடியேற்றச் சட்டம் தெரிந்த ஒரு வழக்கறிஞரை உங்கள் சார்பில் ஒருமுறை பாருங்கள்.