மிசோ சூப் செய்யும் பக்குவம்

ஜப்பானியர் இல்லங்களில் சோற்றுக்குத் துணையாக அன்றாடம் வைக்கப்படும் மிசோ சூப்பை முதன்முதலாகச் செய்யப் புகுவோரில் பலர், பெயரில் மிசோ இருப்பதனாலேயே அதுதான் பிரதானமென்று எண்ணி, அதை வெறும் வெந்நீரில் கரைத்துக் குடித்துப் பார்த்து, உப்பைத் தவிர வேறு ருசி தெரியாமல் கிண்ணத்தை நகர்த்தி வைத்துவிடுகிறார்கள். இந்தச் சூப்பின் ஜீவன், மிசோவைச் சேர்ப்பதற்கு முன்பே தயாராகிவிடும் டாஷி என்னும் தெளிந்த சாற்றில் இருக்கிறது. ஆகையால் நம் கவனத்தில் பெரும்பங்கு அதற்கே உரியது.

நால்வருக்கு 1 லிட்டர் தண்ணீர், 10 கிராம் கொம்பு, 20 கிராம் காட்சுவோபுஷிச் சீவல் ஆகியவை போதும். கொம்பு என்பது பெரும்பாலும் ஹொக்கைடோத் தீவின் குளிர்ந்த கடலோரங்களில் எடுத்து உலர்த்தப்படும் அகன்ற கடற்பாசி; அதன்மேல் படிந்திருக்கும் வெண்பொடியைப் பூஞ்சணமென்று கருதிக் கழுவிவிடாமல், ஈரத்துணியால் தூசியை மட்டும் துடைத்துவிட்டு, குளிர்ந்த நீரில் அரைமணி நேரம் ஊறவைக்க வேண்டும். பிறகு இளந்தீயில் ஏற்றி, பாத்திரத்தின் அடியில் சிறு குமிழிகள் எழும்பிக் கொதி வரப்போகும் தறுவாயில் கொம்பை எடுத்துவிட வேண்டும். அதைக் கொதிக்கவிட்டால் சாறு கொழகொழத்து, கடல்வாடை மிகுந்துவிடும்.

கொம்பை எடுத்தபின் நீரை ஒரு கொதி வரவிட்டு, அடுப்பை அணைத்து, காட்சுவோபுஷியைத் தூவி, சீவல்கள் அடியில் படியும்வரை இரண்டு நிமிஷம் பொறுத்து, மெல்லிய துணியில் வடிகட்ட வேண்டும். எஞ்சிய சொட்டுக்கு ஆசைப்பட்டுத் துணியைப் பிழிந்தால் தெளிவும் போய்க் கசப்பும் இறங்கும். சூரை மீனை வேகவைத்து, புகையூட்டி, கட்டைபோல் இறுக உலர்த்திச் சீவியதே காட்சுவோபுஷி. மாலத்தீவில் செய்து, இலங்கைச் சமையலறைகளில் சம்பலுக்கு இடிக்கப்படும் மாசியும் அதே மீனில் ஆவதுதான் என்பதை அறிந்தால், இந்த வாசனை நம் வாசகர்களில் சிலருக்கு அந்நியமாக இராது.

கொம்பின் ருசிக்குக் காரணமான குளூட்டமேட்டை 1908ஆம் ஆண்டில் தோக்கியோவில் பேராசிரியர் கிகுனே இக்கேடா பிரித்தறிந்தார். காட்சுவோபுஷியின் ருசிக்கு இனோசினேட் காரணமென்று 1913இல் அவருடைய சிஷ்யர் ஷின்டாரோ கொடாமா கண்டார். இவ்விரண்டும் ஒன்று சேரும்போது தனித்தனியே தருவதைக் காட்டிலும் பன்மடங்கு ருசி தருகின்றன. மீன் உண்ணாதவர்கள் வருந்த வேண்டியதில்லை. ஜப்பானின் பௌத்த மடங்களில் செய்வது போல, உலர்ந்த ஷீட்டாக்கேக் காளான் நாலைந்தைக் கொம்போடு சேர்த்துக் குளிர்ந்த நீரில் இரவு முழுவதும் ஊறவைத்தால், ஆழ்ந்த ருசியுள்ள சாத்விகமான டாஷி கிடைக்கும்.

இனி மிசோ. சோயாமொச்சையை வேகவைத்து, உப்பும், கோஜி என்னும் பூஞ்சை படர்ந்த அரிசியோ வாற்கோதுமையோ கலந்து புளிக்கவைத்த விழுது அது. ஒக்கசாக்கி நகரின் ஹட்சோ மிசோ, தானியம் சேராமல் சோயாவும் உப்பும் கொண்டு, பாரக்கற்களின் கீழ் ஈராண்டுக்கு மேல் முதிர்வது. கறுத்துக் கனத்த அதன் சுபாவம் இலேசான சூப்புக்கு ஒத்துவராது. கியோத்தோவின் வெள்ளை மிசோ இனிப்பானது, உப்புக் குறைந்தது. முதன்முறை செய்பவர்களுக்கு நகானோப் பகுதியின் வெளிர்மஞ்சள் நிறமுள்ள ஷின்ஷு மிசோவே உத்தமம் என்பேன்.

வடித்த டாஷியை மீண்டும் இளஞ்சூட்டில் வைத்து, சிறு சதுரங்களாக நறுக்கிய 150 கிராம் டோஃபுவைச் சேர்த்து, அது சூடேறியதும், ஐந்து நிமிஷம் நீரில் ஊறிய வகாமேக் கடற்பாசியைப் போட வேண்டும். ஊறினால் பலமடங்கு பெருகுமாதலால் உலர்ந்த வகாமே ஒரு மேசைக்கரண்டியே தாராளம். இப்போது அடுப்பை அணைத்துவிட்டு, மூன்று மேசைக்கரண்டி மிசோவை ஒரு கரண்டியில் வைத்து, சாற்றைச் சிறிது சிறிதாக மொண்டு கட்டியில்லாமல் கரைத்துப் பாத்திரத்தில் கலக்க வேண்டும். மறுபடி சூடேற்றுவதானால், ஓரத்தில் சலனம் காணத் தொடங்கியதுமே நிறுத்திவிட வேண்டும். மிசோ சேர்ந்தபின் கொதிக்கவிடுவதைக் காட்டிலும் பெரிய பிழை இந்தச் சமையலில் இல்லை, ஏனெனில் மாதக்கணக்கில் புளித்துக் கூடிய நறுமணம் அத்தனையும் ஆவியோடு போய்விடும். உப்பு மிசோவிலேயே இருப்பதால் தனியே சேர்க்கலாகாது.

பொடியாக அரிந்த வெங்காயத்தாளைத் தூவி உடனே பரிமாறுங்கள். ஜப்பானியர் கிண்ணத்தைக் கையிலேந்தி உறிஞ்சிக் குடித்து, டோஃபுவையும் பாசியையும் குச்சிகளால் எடுத்து உண்பார்கள். மிசோ அடியில் படிவது இயல்பு. குடிக்குமுன் ஒருமுறை கலக்கிக்கொண்டால் போதும். மிஞ்சிய மிசோ விழுதை இறுக மூடிக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் மாதக்கணக்கில் கெடாது. சூப்பை மட்டும் மறுவேளைக்கென்று மிச்சம் வைக்காமல், உண்பவர் தொகையறிந்து அவ்வப்போது புதிதாகச் செய்யுங்கள்.