வடபழனியிலிருந்து சாண்ட்விச் சாப்பிடக் கிளம்புகிறீர்களா?

எழும்பூர் அல்சா மால் சாண்ட்விச்சுக்காக ஆற்காடு சாலை நெரிசலில் பைக்கை உருட்டாதீர்கள். வடபழனி மெட்ரோவில் சென்ட்ரல் போகும் ரயிலில் ஏறினால் வண்டி மாறாமல் எழும்பூர். அங்கிருந்து மால் இருக்கும் மான்டியத் சாலைக்கு ஆட்டோ போதும்.

உட்கார இடம் தேட வேண்டாம். நின்றபடி சாப்பிடுவதில்தான் ருசியே. கடித்ததும் உள்ளே இருப்பது மறுபக்கம் பிதுங்கும். அதனால் காகிதத்தை முழுசாகப் பிரிக்காமல், கடிக்கக் கடிக்கக் கீழே இறக்குங்கள். வெள்ளைச் சட்டையோடு போய் நான் பட்டது போதும்!

மயோனைஸ் விஷயத்தில் கூச்சப்படாமல் கேளுங்கள். பச்சை முட்டையில் செய்த மயோனைஸுக்குத் தமிழக அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குத் தடை விதித்தது. சால்மோனெல்லா போன்ற கிருமிகள்தான் காரணம். எந்தக் கடையானாலும் "முட்டை இல்லாததா?" என்று ஒரு வார்த்தை கேட்பது நல்லது. வெயிலில் திறந்து வைத்த கிண்ணத்திலிருந்து எடுத்தால் வேண்டாம் என்றுவிடுங்கள். புதினாச் சட்னி தடவினாலே பிரமாதமாக இருக்கும்.

பார்சல் வாங்காதீர்கள். வடபழனி வந்து சேர்வதற்குள் மொறுமொறு பிரெட் நமுத்துப்போய்விடும்.