நம்மைப் பற்றி நாமே எழுதும் ஒரு பக்கம்

கல்வியின் நோக்கம் வேலை தேடுவது மட்டுமன்று. எனினும் படித்து முடித்த பின் நம்மில் பலர் ஏதேனும் ஒரு வேலைக்கு விண்ணப்பிக்க வேண்டியவர்களே. அப்போது நம் கையில் இருக்க வேண்டியது தன்விவரக் குறிப்பு. பேச்சு வழக்கில் இதனைப் 'பயோடேட்டா' என்றும் 'ரெஸ்யூம்' என்றும் சொல்கிறோம். ரெஸ்யூம் என்பது பிரெஞ்சு மொழியிலிருந்து வந்த சொல். சுருக்கம் என்பது அதன் பொருள். நம்மை நேரில் பார்த்திராத ஒருவர், நம்மை அழைக்கலாமா வேண்டாமா என்று அந்தத் தாளைப் பார்த்தே முடிவு செய்கிறார். ஆகவே அதனை எழுதும் முறையை இப்போதே அறிந்து வைப்பது நன்று.

இம்முறை மிகப் பழமையானது. நம் இல்லங்களில் மாட்டியிருக்கும் இறுதி இராவுணவுப் படத்தை அறியாதவர் யார்? அதன் மூல ஓவியத்தைத் தீட்டிய லியோனார்டோ டா வின்சி, 1482ஆம் ஆண்டையொட்டி, மிலான் நகரை ஆண்ட லுடோவிகோ ஸ்ஃபோர்சாவிடம் வேலை கேட்டு ஒரு கடிதம் எழுதினார். அப்போது அவருக்கு வயது ஏறத்தாழ 30. அந்தக் கடிதத்தில் தம்மை முதலில் ஓவியர் என்று அவர் சொல்லிக்கொள்ளவில்லை. எளிதில் தூக்கிச் செல்லும் பாலங்கள், அகழி நீரை வடிக்கும் வழி, பீரங்கிகள் என்று போருக்கு உதவும் திறமைகளையே வரிசை எண் இட்டு எழுதினார். கட்டடக் கலை, சிற்பம், ஓவியம் ஆகியவை கடைசியில்தான் வருகின்றன. காரணம், மிலான் ஆட்சியாளருக்கு அன்று வேண்டியிருந்தவை போர்க் கருவிகளே. ஐயம் இருந்தால் செய்து காட்டவும் தயார் என்று கூறிக் கடிதத்தை முடித்தார். பின்னர் அதே மிலான் நகரில்தான், 1495 முதல் 1498 வரையிலான ஆண்டுகளில், இறுதி இராவுணவு ஓவியம் உருவாயிற்று.

இதிலிருந்து நாம் கற்கும் முதல் பாடம் இதுதான்: நமக்குத் தெரிந்த எல்லாவற்றையும் கொட்டுவதைவிட, வேலை தருபவருக்கு எது தேவையோ அதை முன்னால் வைக்க வேண்டும். விளம்பரத்தை இரண்டு முறை படித்து, அவர்கள் கேட்கும் தகுதிகளை அடிக்கோடிட்டு, அவற்றில் நம்மிடம் இருப்பவற்றை முதலில் எழுத வேண்டும். இன்று பெரிய நிறுவனங்கள் பலவற்றில் கணினியே குறிப்புகளை முதலில் படித்து வடிகட்டுகிறது. எனவே விளம்பரத்தில் உள்ள அதே சொல் நம் தாளிலும் இருப்பது நல்லது.

இரண்டாவது பாடத்தை வள்ளுவரிடம் கற்கலாம். பணிக்கு ஆள் தெரிந்தெடுக்கும் முறையைக் கூறும் 'தெரிந்து தெளிதல்' என்னும் 51ஆம் அதிகாரத்தில், ஒருவருடைய உயர்வுக்கும் தாழ்வுக்கும் அவரவர் செயலே உரைகல் என்கிறார். 'கடின உழைப்பாளி', 'பொறுப்பு மிக்கவர்' என்று யார் வேண்டுமானாலும் எழுதலாம். செய்த செயலை எழுதினால்தான் படிப்பவர் நம்புவார்.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்த ஓர் அக்கா, திருமணத்திற்குப் பின் ஒரு கடையில் கணக்கர் வேலைக்கு விண்ணப்பிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அனுபவம் என்னும் இடத்தில் 'இல்லை' என்று எழுதி விடுகிறார். ஆனால் அவர் தம் ஊர் மகளிர் சுயஉதவிக் குழுவில் கணக்கு எழுதியவர். அதை அவர் இவ்வாறு எழுதியிருக்கலாம் அன்றோ? '15 உறுப்பினர்களின் சேமிப்பு, கடன், வட்டிக் கணக்குகளை 4 ஆண்டுகள் எழுதி வந்தேன். மாதந்தோறும் குழுவின் பணத்தை வங்கியில் செலுத்தினேன்.' இதில் ஒரு சொல்லும் மிகையில்லை. எத்தனை பேர், எத்தனை ஆண்டு, என்ன வேலை என்பது எண்ணோடு வந்து விடுகிறது. சம்பளம் வாங்காமல் செய்த வேலை வேலையே அன்று என்று பெண்களாகிய நாம் நினைத்து விடுகிறோம். அந்த எண்ணத்தால் எத்தனையோ பேரின் திறமை தாளில் ஏறாமலே போகிறது!

இனி, எழுதும் ஒழுங்கைக் காண்போம்.

1. மேலே பெயர், தொலைபேசி எண், மின்னஞ்சல் முகவரி.
2. எந்த வேலையை நாடுகிறோம், அதற்கு என்ன தகுதி உண்டு என்பது இரண்டே வரிகளில்.
3. கல்வி: கடைசியாகப் படித்தது முதலில், ஆண்டுடனும் மதிப்பெண்ணுடனும்.
4. செய்த பணிகள்: இவற்றிலும் அண்மையில் செய்தது முதலில்.
5. தட்டச்சு, கணினி, தையல் போன்ற பயிற்சிகள். பேச, படிக்க, எழுதத் தெரிந்த மொழிகள்.
6. நம்மை அறிந்த இருவரின் பெயர்கள், கேட்டால் மட்டும். அதுவும் அவர்களின் அனுமதி பெற்ற பிறகே.

புதிதாக வேலை தேடுபவருக்கு ஒரு பக்கம் போதும். எழுதி முடித்ததும் வேறொருவரிடம் கொடுத்துப் பிழை திருத்திக்கொள்ள வேண்டும். தொலைபேசி எண்ணில் ஓர் இலக்கம் தவறினால், வேலை கிடைத்த செய்தியே நம்மை வந்து சேராது.

இல்லாததை எழுதுவது பெருந்தவறு. தட்டச்சில் இளநிலை தேறியவர் முதுநிலை என்று எழுதினால், சான்றிதழைக் கேட்டவுடன் உண்மை வெளிப்பட்டு விடும். பிறகு அவர் எழுதிய உண்மைகளையும் யாரும் நம்ப மாட்டார்கள். செய்து காட்ட இயலுவதை மட்டும் எழுதுபவருக்கு நேர்காணலில் அச்சமில்லை.

பெற்றோரும் நினைவில் கொள்ள வேண்டிய எச்சரிக்கை ஒன்றுண்டு. ஆதார் எண், வங்கிக் கணக்கு எண் ஆகியவற்றைத் தன்விவரக் குறிப்பில் எழுதக் கூடாது. தனியார் வேலைக்குச் சாதி, மதம், வீட்டு முகவரி முழுவதும் எழுத வேண்டிய தேவையும் இல்லை. அரசு வேலைக்கான படிவங்கள் வேறு. அவற்றில் கேட்டவற்றை ஆவணத்தில் உள்ளபடியே நிரப்ப வேண்டும். அறிமுகமில்லாத ஒருவர், 'வேலை உறுதி, முன்பணம் கட்டுங்கள்' என்றால் அங்கே ஏமாற்று இருக்கிறது என்று அறிந்து விலகிக்கொள்ள வேண்டும்.

தோழியரே, நற்செய்தியில் வரும் தாலந்து உவமையை நாம் மறைக்கல்வி வகுப்பில் படித்திருக்கிறோம். ஒரு தாலந்து பெற்ற பணியாளன் அதைத் திருடவில்லை, செலவழிக்கவும் இல்லை; மண்ணில் புதைத்து மட்டுமே வைத்தான். அதற்கே அவன் கடிந்துகொள்ளப்பட்டான். நாம் செய்த நல்ல வேலையை உள்ளபடி எடுத்துச் சொல்வது தற்பெருமை ஆகாது. இந்த விடுமுறையில் ஒரு தாளை எடுத்து, இதுவரை நாம் செய்தவற்றை எழுதிப் பார்ப்போம். பின்பு அம்மாவிடமும் அக்காவிடமும் கேட்டு, அவர்களுக்கும் ஒரு பக்கம் எழுதிக் கொடுப்போம்.