வேன் பெட்ரோல் குடிக்கிறதா? சென்சாரை மாற்றுமுன் சோதித்துப் பாருங்கள்

கடை வேனுக்கு நாள் ஒன்றுக்கு 42 கிலோமீட்டர் ஓட்டம் என்று வைத்துக்கொள்வோம். லிட்டருக்கு 14 கிலோமீட்டர் கொடுத்துவந்த வண்டி பத்தரைக்கு இறங்கிவிட்டால், மூன்று லிட்டர் போட்ட இடத்தில் நான்கு லிட்டர் போடவேண்டி வரும். ஆண்டுக்கு 300 நாள் வண்டி ஓடினால் 300 லிட்டர் கூடுதல். லிட்டர் நூறு ரூபாய் என்று கணக்கிட்டாலும் முப்பதாயிரம் ரூபாய். கல்லாவிலிருந்து இவ்வளவு தொகை சத்தமில்லாமல் வெளியேறுவதை எந்த வணிகரும் பொறுத்துக்கொள்ளமாட்டார். வண்டி உடனே ஒர்க்‌ஷாப்புக்குப் போகிறது. அங்கே ஸ்கேனர் கருவியைச் செருகிப் பார்த்துவிட்டு, "ஆக்சிஜன் சென்சார் போயிடுச்சு சார், மாத்திடலாம்" என்கிறார்கள். சில ஆயிரம் ரூபாய் செலவழித்து மாற்றிய பிறகும் மைலேஜ் ஏறாமல் போவது உண்டு. அது ஏன் என்பதை வண்டி வைத்திருக்கும் நம் மளிகைக் கடைக்காரர்களும் மொத்த வியாபாரிகளும் தெரிந்துகொள்வது நல்லது.

ஆக்சிஜன் சென்சார் என்பது இன்ஜினிலிருந்து புகை வெளிவரும் குழாயில், ஸ்பார்க் பிளக் போலத் திருகி வைக்கப்பட்டிருக்கும் சிறு பொருள். எரிந்து வெளியேறும் புகையில் பிராணவாயு எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று பார்த்துச் சொல்வது மட்டுமே அதன் வேலை. கலப்பில்லாத பெட்ரோல் ஒரு கிலோ முழுமையாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். காற்று குறைந்து பெட்ரோல் மிகுந்தால் சென்சார் 0.9 வோல்ட் அளவில் மின்சாரம் கொடுக்கும். காற்று மிகுந்தால் 0.1 வோல்ட்டுக்கு இறங்கும். இதைப் பார்த்து வண்டியின் கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டியும் குறைத்தும் விடுகிறது. உள்ளே இருக்கும் சிர்கோனியா என்னும் பீங்கான் 300 டிகிரிக்கு மேல் சூடானால்தான் வேலை செய்யும் என்பதால், அதைச் சூடாக்க ஒரு ஹீட்டரும் வைத்திருக்கிறார்கள்.

ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் செய்த இந்தச் சென்சார் 1976ஆம் ஆண்டில் வால்வோ கார்களில் முதன்முதலாக வந்தது. நம் ஊரில் 1995 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்கு கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் கட்டாயமாகி, ஈயமில்லாப் பெட்ரோலும் விற்பனைக்கு வந்தது. அப்போது பெரும்பாலான வண்டிகள் கார்புரேட்டரில்தான் ஓடின. முதுகில் எம்.பி.எஃப்.ஐ. என்று எழுதிய மாருதி வண்டிகள் வந்த பிறகே சென்சார் என்ற சொல் நம் மெக்கானிக்குகளிடம் புழங்கத் தொடங்கியது. 2019இல் உற்பத்தி நின்றுபோன ஆம்னி வேனிலும், அதற்குப் பின் நம்மவர்கள் வாங்கும் ஈக்கோ, சூப்பர் கேரி போன்ற வண்டிகளிலும் இது உண்டு. அண்மைக்கால வண்டிகளில் கன்வெர்ட்டருக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று இரண்டு இருக்கும். மைலேஜைத் தீர்மானிப்பது முன்னால் இருப்பது.

தராசின் மேல் குற்றமா, மூட்டையின் மேல் குற்றமா?

ஐம்பது கிலோ மூட்டையைத் தராசில் வைத்தால் நாற்பத்தெட்டு காட்டுகிறது. உடனே தராசைத் தூக்கி எறிந்துவிடுவோமா? மூட்டையிலேயே இரண்டு கிலோ குறைவாக இருக்கலாம். முத்திரை ஆய்வாளர் வந்தால் சரியான எடை தெரிந்த படிக்கல்லை வைத்துத்தான் தராசைச் சோதிக்கிறார். சென்சார் விஷயமும் அப்படியே. அது புகையை எடை போட்டுச் சொல்லும் தராசு. "பெட்ரோல் குறைவாக எரிகிறது" என்று அது சொன்னால் அந்தச் சொல் உண்மையாகவே இருக்கலாம்.

ஸ்கேனரில் பி 0171 என்ற எண் வந்தால் கலவையில் காற்று மிகுதி என்று பொருள். சென்சார் கெட்டுவிட்டது என்று பொருளல்ல. இன்ஜினுக்குள் போகும் காற்றுக் குழாயில் எங்கோ ரப்பர் வெடித்திருக்கலாம், பெட்ரோல் பம்பு தளர்ந்திருக்கலாம், ஃபில்டர் அடைத்திருக்கலாம். சென்சாரின் பெயரைச் சொல்லும் எண்கள் பி 0130 முதல் பி 0135 வரை உள்ளவை. அவற்றிலும் கடைசி எண் ஹீட்டரைக் குறிப்பது. அது வந்தால் முதலில் ஃபியூஸைப் பார்க்கவேண்டும். ஃபியூஸ் விலை சில ரூபாய்தான்.

ஏமாற்றுவதில் முதலிடம் ஸ்பார்க் பிளக்குக்கு. ஒரு சிலிண்டரில் பிளக் சரியாகப் பொறி விடவில்லை என்று கொள்வோம். அங்கே பெட்ரோலும் எரியவில்லை, காற்றும் எரியவில்லை. இரண்டும் அப்படியே புகைக் குழாய்க்கு வருகின்றன. சென்சாருக்குப் பெட்ரோலைப் பார்க்கும் கண் இல்லை. பிராணவாயுவை மட்டுமே அது அறியும். எனவே "காற்று மிகுதி" என்று சொல்கிறது. கம்ப்யூட்டரும் அதை நம்பி எல்லா சிலிண்டருக்கும் பெட்ரோலைக் கூட்டுகிறது. பிக்கப் இல்லை, பெட்ரோல் வாடை அடிக்கிறது, ஆனால் ஸ்கேனரோ பெட்ரோல் போதவில்லை என்கிறது. இந்த முரண்பாட்டைக் கண்டதும் சென்சார் பொய் சொல்வதாகத் தீர்மானித்துவிடுவார்கள். புதிய சென்சார் போட்டாலும் அதுவும் அதையேதான் சொல்லும். புகைக் குழாய் இணைப்பில் சென்சாருக்கு முன்னால் ஓட்டை இருந்து வெளிக்காற்று நுழைந்தாலும் கதை இதுதான்.

பெட்ரோலையும் கணக்கில் சேர்க்கவேண்டும். இருபது சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் 2023இல் அறிமுகமாகி இப்போது பரவலாகிவிட்டது. இதற்கு ஒரு பங்குக்குச் சுமார் 13.5 பங்கு காற்றே போதும். அதாவது அதே காற்றுக்குக் கூடுதல் எரிபொருள் செல்லும். பழைய வண்டியின் கம்ப்யூட்டர் இதைச் சரிக்கட்டப் பெட்ரோலைக் கூட்டியே விடும். மைலேஜ் சற்றுக் குறைவதற்கு இது ஒரு காரணம். இதைச் சென்சார் தலையில் கட்டுவது நியாயமல்ல.

சோதிக்கும் முறை

இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு, 2,000 முதல் 2,500 சுற்றில் நிறுத்தி, ஸ்கேனரில் முன் சென்சாரின் வோல்ட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். 0.1க்கும் 0.9க்கும் இடையே ஊஞ்சல் போல விடாமல் ஆடவேண்டும். நடுவில் 0.45 பக்கமாக அசையாமல் நின்றால் சந்தேகப்படலாம். ஒரே பக்கமாக ஒட்டிக்கொண்டு நின்றால்தான் படிக்கல் சோதனை தேவைப்படும். ஆக்சிலேட்டரைச் சட்டென்று மிதித்தால் ஒரு கணம் பெட்ரோல் மிகுந்து வோல்ட் 0.8க்கு மேல் தாவவேண்டும். இன்ஜினின் சிறு வேக்குவம் குழாய் ஒன்றைக் கழற்றிக் காற்றை விட்டால் 0.2க்குக் கீழே விழவேண்டும். இரண்டுக்கும் சென்சார் உடனுக்குடன் பதில் சொன்னால் அது நல்ல சென்சார், கோளாறு வேறிடத்தில். தூங்கி வழிந்து மெல்ல ஏறினாலோ, ஏறவே இல்லை என்றாலோ, ஹீட்டரும் வயரும் சரியாக இருக்கும் பட்சத்தில், மாற்றிவிடலாம். வோல்ட்டை மீட்டரில் பார்ப்பதானால் டிஜிட்டல் மீட்டராக இருக்கவேண்டும். வயரில் டெஸ்ட் லாம்ப் வைத்துப் பார்ப்பது நல்ல சென்சாரையும் கெடுக்கக்கூடும். சில புதிய வண்டிகளில் ஏர் ஃப்யூல் சென்சார் என்ற வேறு வகை இருக்கிறது; அதற்கு இந்த வோல்ட் கணக்கு பொருந்தாது.

ஸ்கேனரில் ஃப்யூல் ட்ரிம் என்றொரு வரி வரும். கம்ப்யூட்டர் எத்தனை சதவீதம் பெட்ரோலைக் கூட்டியோ குறைத்தோ விடுகிறது என்ற கணக்கு அது. பத்துக்குள் இருந்தால் கவலையில்லை. நின்ற இடத்தில் இன்ஜின் ஓடும்போது இருபத்தைந்து காட்டி, சுற்றைக் கூட்டினால் இறங்கிவிட்டால், எங்கோ காற்று கசிகிறது. மாறாக, லோடு ஏற்றி ஓட்டும்போது ஏறிக்கொண்டே போனால் பம்பையும் ஃபில்டரையும் பாருங்கள். நூறு ஊகங்களைவிட இந்த ஒரு வரி மேலானது. ஆனால் இதைப் படித்துப் பார்க்கும் பொறுமை எல்லா ஒர்க்‌ஷாப்பிலும் இருப்பதில்லை; நாம்தான் கேட்டு வாங்கவேண்டும்.

செலவில்லாத சாட்சி ஒன்றும் நம்மிடமே உண்டு. அது புகைச் சான்றிதழ். பி.எஸ். 4 வண்டிகளுக்கு ஐடிலில் கார்பன் மோனாக்சைடு 0.3 சதவீதமும், ஹைட்ரோகார்பன் 200 பி.பி.எம். அளவும் வரம்பு. கார்பன் மோனாக்சைடு ஏறியிருந்தால் பெட்ரோல் உண்மையிலேயே மிகுதி. ஹைட்ரோகார்பன் மட்டும் எகிறியிருந்தால் பிளக்கை முதலில் கழற்றுங்கள்.

உண்மையிலேயே கெடுவது எப்போது?

கழற்றிய சென்சாரின் முனையைப் பார்த்தாலே பாதி விஷயம் தெரியும். கரி படிந்திருந்தால் பெட்ரோல் மிகுதி. ஆழ்வார்பேட்டைக் கடைகளின் வேன்கள் பகல் முழுவதும் எல்டாம்ஸ் சாலை, செயின்ட் மேரீஸ் சாலை என்று அரை கிலோமீட்டருக்கு ஒருமுறை நின்று வீட்டு டெலிவரி செய்கின்றன. இன்ஜின் முழுச் சூட்டுக்கு வருவதே இல்லை, கரி சேர்கிறது. கோயம்பேட்டுக்கு ஒரு நடை நன்றாக ஓடினால் லேசான கரி தானே எரிந்துபோகும். வெள்ளைப் பூச்சு இருந்தால் கேஸ்கெட்டுக்குத் தடவிய சிலிகோன் பேஸ்ட்டோ ரேடியேட்டர் கூலண்ட்டோ உள்ளே போயிருக்கிறது. அது போகாது. காரணத்தைச் சரிசெய்துவிட்டுத்தான் புதியதைப் போடவேண்டும்.

மழை இன்னொரு எதிரி. 2021 நவம்பரில் சீதம்மாள் காலனிப் பக்கம் தண்ணீர் நின்றதை இங்குள்ளவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். பல சென்சார்கள் ஒப்பிட்டுப் பார்ப்பதற்கான வெளிக்காற்றை வயரின் உறை வழியாகவே இழுத்துக்கொள்கின்றன. கனெக்டரில் தண்ணீர் புகுந்தால் அந்த வழி அடைபடும். கனெக்டரைக் கழற்றிக் காயவைத்தாலே சில சமயம் சரியாகிவிடும். கிரீஸ் வைக்கக்கூடாது.

கெட்ட சென்சாரைக் கவனிக்காமல் விட்டாலும் ஆபத்துதான். மிகுதிப் பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து, அதை உருக்கிவிடும். அதில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் ஆகிய உலோகங்கள் இருப்பதால் விலையும் அதிகம், பழையதற்கு மதிப்பும் உண்டு. மாற்ற நேர்ந்தால் பழைய கன்வெர்ட்டரைக் கேட்டு வாங்குங்கள், அல்லது அதன் மதிப்பைப் பில்லில் கழிக்கச் சொல்லுங்கள். பி 0420 என்ற எண் வந்ததுமே மாற்றச் சொன்னால், முன் சென்சாரையும் பிளக்கையும் பார்த்தாயிற்றா என்று கேளுங்கள்.

புதிய சென்சாரை ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக் கடைகளில் பில்லோடு வாங்கலாம். புதுப்பேட்டையில் கிடைக்கும் பழையதற்கு ஆயுள் எவ்வளவு மிச்சம் என்று யாராலும் சொல்லமுடியாது. நான்கு வயர் சென்சார் என்றால் நான்கு வயரும் ஒன்றல்ல, வண்டிக்கு உரிய எண்ணைச் சொல்லி வாங்குங்கள். கனெக்டர் பொருந்தவில்லை என்று வயரை வெட்டி ஈயப் பற்று வைக்க விடாதீர்கள். வெளிக்காற்று வழி அதோடு அடைந்துபோகும். திருகின் மரையில் தடவி வரும் பூச்சு முனையில் படக்கூடாது. பொருத்தியதும் பழைய எண்ணை அழித்துவிட்டு, ஒரு நடை ஓட்டி, ஃப்யூல் ட்ரிம்மை மறுபடியும் பார்த்த பிறகு பணத்தைக் கொடுங்கள்.