பங்காளி தூரத்தில், வேலை கண்முன்னே

பள்ளிமுனைக் கரையில் மீனும் நண்டும் வாங்குபவர் ஒருவர். புத்தளத்தில் இருந்து கணக்குப் பார்ப்பவர் ஒருவர். கொழும்பில் விற்பவர் ஒருவர். எங்கள் பகுதியில் இப்படி மூன்று ஊர்களில் நடக்கும் கூட்டு வியாபாரங்கள் உண்டு. அவ்வாறு தொழில் செய்யும் ஒரு சகோதரர் அண்மையில் என்னிடம் கேட்டார்: "நாளைக்குப் பத்துத் தடவை போனில் பேசுகிறோம் நானா. அப்படியிருந்தும் ஒரே நண்டுப் பெட்டிகளை இருவரும் இரண்டு பேருக்கு விலை பேசிவிட்டோம். ஏன் இப்படி நடக்கிறது?"

நான் சொன்ன பதில் இதுதான்: போனில் பேசியது பேசிய இருவருக்கு மட்டுமே தெரியும். மூன்றாமவருக்குத் தெரியாது. இந்தச் சிக்கலுக்கு மென்பொருள் எழுதுவோர் நல்ல தீர்வு கண்டிருக்கிறார்கள்.

எமது நாட்டிலேயே உதாரணம் இருக்கிறது. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பின் இலங்கைக் கணினித் துறைத் தொண்டர்கள் 'சஹானா' என்ற மென்பொருளை உருவாக்கினார்கள். சிங்களத்தில் அதற்கு நிவாரணம் என்று பொருள். காணாமற் போனோர் விபரம், முகாம்களின் விபரம் ஆகியவற்றோடு, எந்த நிறுவனம் எங்கே என்ன உதவி செய்கிறது என்பதையும் அது பதிந்தது. ஒரே முகாமுக்குப் பலர் உதவி கொண்டுசெல்ல, இன்னொரு முகாம் வெறுமையாகக் கிடக்கக் கூடாது அல்லவா? பின்னர் பல நாட்டவரும் அதன் ஆக்கத்தில் இணைந்தார்கள். 2010 ஹெய்ட்டி நிலநடுக்கத்திலும் அது பயன்பட்டது.

ஒருவர் முகம் ஒருவர் காணாதவர்கள் ஒரே மென்பொருளை எப்படி எழுதுகிறார்கள்? எல்லோருக்கும் பொதுவான ஒரு பதிவேடு இருக்கும். லினஸ் டோர்வால்ட்ஸ் 2005இல் உருவாக்கிய 'கிட்' இன்று இதற்குப் பெரிதும் பயன்படுகிறது. யார், எப்போது, எதை மாற்றினார் என்பது அதில் பதிவாகும். ஏன் மாற்றினார் என்று அவரே ஒரு வரி எழுதுவார். ஒரே வரியை இருவர் வெவ்வேறு விதமாக மாற்றியிருந்தால், இரண்டையும் சேர்க்கும்போது அது நிறுத்தி, முதலில் இதைத் தீர்த்துக்கொள்ளுங்கள் என்று காட்டிவிடும்.

நாம் இதிலிருந்து எடுக்கக்கூடிய பாடங்கள் மூன்று.

முதலாவது, பதிவு ஓரிடத்தில் இருக்கட்டும். மூவரும் பார்க்கும் வட்ஸ்அப் குழு ஒன்று போதும். ஆனால் அதில் சரக்கு விபரம் தவிர வேறு பேச்சு வேண்டாம்.

இரண்டாவது, வாக்குக் கொடுக்குமுன் எழுதுங்கள். "இன்றைய 20 பெட்டியில் 12ஐ நான் பேசுகிறேன்" என்று முதலில் பதிந்தவருக்கே அந்தப் பன்னிரண்டும். மற்றவர் மீதி எட்டைப் பேசலாம்.

மூன்றாவது, காரணத்தையும் எழுதுங்கள். "விலை குறைத்தேன்" என்றால் சந்தேகம் வரும். "ஐஸ் போதவில்லை, அதனால் விலை குறைத்தேன்" என்றால் சந்தேகத்துக்கு இடமில்லை.

ஒன்றை மறக்க வேண்டாம். இது வேலையாட்களை வேவு பார்க்கும் ஏடு அல்ல. முதலாளியும் தன் கொடுக்கல் வாங்கலை அதில் எழுத வேண்டும். அவர் எழுதாவிட்டால் மற்றவர்களும் பேருக்குத்தான் எழுதுவார்கள்.

ஒரு நாள் சரக்கில் வரும் நட்டத்தை அடுத்த கிழமை ஈடுசெய்யலாம். பங்காளிகளுக்கிடையே விழும் சந்தேகத்தை அப்படி ஈடுசெய்ய முடியாது. அடுத்த லொறி புறப்படுமுன் முதல் வரியை எழுதிவிடுங்கள்.